ஹாகியா சோபியா முதல் எஃப்-16 வரை: துருக்கியின் வெளியுறவுக்குள் ஓடும் அடையாளச் சண்டை

2020 ஜூலை 24, வெள்ளிக்கிழமை. இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில் 86 ஆண்டுகளுக்குப் பிறகு ஜும்ஆ தொழுகை நடந்தது. துருக்கி அரசின் சமய விவகாரத் துறைத் தலைவர் அலி எர்பாஷ் கையில் வாளைப் பிடித்தபடி மிம்பர் என்ற உரைமேடையின் படியேறி குத்பா உரை நிகழ்த்தினார். அதிபர் எர்துவானும் தொழுகையில் இருந்தார். அத்தாதுர்க் நிறுவிய மதச்சார்பற்ற குடியரசு அன்றோடு முடிந்தது என்று அந்தப் படங்களைப் பார்த்த பலர் எழுதினார்கள். தேதியும் சும்மா அமைந்ததாகத் தெரியவில்லை. 1923-ல் இதே ஜூலை 24 அன்றுதான் லோசான் ஒப்பந்தம் கையெழுத்தானது. துருக்கியின் இன்றைய எல்லைகளில் பெரும்பகுதியை உலகம் ஒப்புக்கொண்டது அந்த ஒப்பந்தத்தில்தான்.

அந்தக் கட்டடத்துக்கு அதற்கு முன்பு நடந்த மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கி.பி. 537-ல் பைசாந்தியப் பேரரசின் தேவாலயமாகத் திறக்கப்பட்டது, 1453-ல் பள்ளிவாசலானது, 1934 நவம்பரில் அமைச்சரவை முடிவின்படி அருங்காட்சியகமானது. கடைசி மாற்றத்தை மதச்சார்பின்மையின் ஒரு படியாக மட்டுமே சொல்லிவிட்டுப் போவது வழக்கம். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் துருக்கி, கிரேக்கம், ருமேனியா, யூகோஸ்லாவியா நான்கும் பால்கன் உடன்படிக்கை செய்திருந்தன. அதற்கு முந்தைய மாதம், 1919-ல் இஸ்மிருக்குப் படை அனுப்பிய அதே கிரேக்கத் தலைவர் வெனிசெலோஸ், நோபல் அமைதிப் பரிசுக்கு அத்தாதுர்க்கின் பெயரைப் பரிந்துரைத்தார். முசோலினி கிழக்கு மத்தியதரைக் கடலில் கண் வைத்திருந்த காலம் அது. கிரேக்கர்களோடு சமாதானம் துருக்கித் தலைநகர் அங்காராவுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. 1934, 2020 இரண்டு முறையும் அந்தக் கட்டடத்தின் வழியாகப் போன சேதி உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் சேர்த்துத்தான் போனது.

துருக்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "மேற்கா, கிழக்கா" என்ற கேள்வியோடு தொடங்குகிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி போதுமானதாகத் தெரியவில்லை. நூறு ஆண்டுக் கதையை எடுத்துப் பார்த்தால், "நாம் யார்" என்ற உள்நாட்டுச் சண்டையை அங்கே ஒவ்வொரு தரப்பும் வெளிநாட்டின் துணையோடுதான் நடத்தியிருக்கிறது. மதச்சார்பற்ற ஆட்சியாளர்கள் ஐரோப்பாவை முன்மாதிரியாக வைத்து சமய நிறுவனங்களை அடக்கினார்கள். பின்னால் வந்த இஸ்லாமிய வேருள்ள கட்சி அதே ஐரோப்பாவைத் துணைக்கு வைத்து ராணுவத்தை அடக்கியது. இதைப் பிடித்துக்கொண்டால் எர்துவானின் திருப்பங்கள் பலவும் அவ்வளவு புதிராக இருக்காது.

செவ்ரில் பிறந்த பயம்

முதல் உலகப் போரில் தோற்ற உதுமானியப் பேரரசின் மீது 1920 ஆகஸ்ட் 10 அன்று செவ்ர் ஒப்பந்தம் சுமத்தப்பட்டது. அதன்படி இஸ்மிர் கிரேக்க நிர்வாகத்துக்குப் போக வேண்டும், கருங்கடலுக்கு வழிவிடும் நீரிணைகள் சர்வதேச ஆணையத்தின் கைக்குப் போக வேண்டும், கிழக்கில் ஆர்மீனிய நாடு, குர்துகளுக்குத் தன்னாட்சி, இத்தாலிக்கும் பிரான்சுக்கும் செல்வாக்குப் பகுதிகள். துருக்கியர்களுக்கு என்று மிஞ்சியது துருக்கியின் ஆசிய நிலப்பரப்பான அனத்தோலியாவின் நடுப்பகுதி. பின்னாளில் அத்தாதுர்க் என்று அழைக்கப்பட்ட முஸ்தபா கெமாலின் படைகள் போரிட்டு அதைச் செல்லாததாக்கின. ஆனால் ஒருநாளும் நடைமுறைக்கு வராத அந்த ஒப்பந்தத்தின் வரைபடம் இன்றுவரை துருக்கி அரசியலை ஆட்டிவைக்கிறது. நாட்டைக் கூறுபோட வெளியார் காத்திருக்கிறார்கள், உள்ளே அவர்களுக்குக் கையாட்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை இடதுசாரியிடமும் இருக்கிறது, இஸ்லாமிய அரசியல்வாதியிடமும் இருக்கிறது, ராணுவத்தினரிடமும் இருக்கிறது. அடையாளத்தில் மோதிக்கொள்ளும் எல்லாத் தரப்புக்கும் பொதுவான ஒன்று உண்டென்றால் இந்த அச்சம்தான்.

இன்னொரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1923 ஜனவரியில், லோசானில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே, துருக்கியும் கிரேக்கமும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்புக்கொண்டன. சுமார் 12 லட்சம் கிறித்தவர்கள் ஒரு பக்கம், சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் மறு பக்கம். இதில் ஒருவரைத் துருக்கியர் என்றும் கிரேக்கர் என்றும் எதை வைத்துப் பிரித்தார்கள்? மதத்தை வைத்து. அனத்தோலியாவின் கரமன்லி கிறித்தவர்கள் வீட்டிலும் கோவிலிலும் துருக்கி மொழி பேசியவர்கள், அதைக் கிரேக்க எழுத்தில் எழுதியவர்கள். அவர்கள் "கிரேக்கர்" என்று கப்பலேற்றப்பட்டார்கள். கிரீட் தீவில் கிரேக்கம் மட்டுமே தெரிந்த முஸ்லிம்கள் "துருக்கியர்" என்று இஸ்மிர் கரையில் இறக்கப்பட்டார்கள். சில மாதங்களில் மதச்சார்பற்ற பாதையில் நடக்கப்போகும் குடியரசு, தன் குடிமகன் யார் என்பதை இஸ்லாத்தை வைத்தே தீர்மானித்தது. இதை மறந்துவிட்டு, 2000-க்குப் பிறகுதான் மதம் துருக்கி அரசியலுக்குள் வந்தது என்று பேசுவது சரியில்லை.

கலீஃபாவும் இந்தியக் கடிதமும்

1924 மார்ச் 3 அன்று, உலக சுன்னி முஸ்லிம்களின் தலைமைப் பதவியாகக் கருதப்பட்ட கிலாபத் ஒழிக்கப்பட்டது. கடைசி கலீஃபா இரண்டாம் அப்துல் மஜீத் உடனடியாக ரயிலேற்றி நாடு கடத்தப்பட்டார். இந்தக் கதையில் இந்தியாவுக்கு நேரடிப் பங்கு உண்டு. பால்கன் போரின்போது 1912-13-ல் டாக்டர் எம்.ஏ. அன்சாரி மருத்துவக் குழுவோடு துருக்கிக்குப் போனார். பின்னாளில் 1927 சென்னை காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இவர்தான். முதல் உலகப் போர் முடிந்ததும் கலீஃபாவைக் காப்பாற்ற இந்திய முஸ்லிம்கள் கிலாபத் இயக்கம் நடத்தினார்கள், காந்தி அதை ஒத்துழையாமையோடு இணைத்தார். நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் உட்பட ஏராளமானவர்கள் அங்காராவுக்காக நிதி திரட்டினார்கள்.

1923 நவம்பரில் லண்டனிலிருந்த ஆகா கானும் அமீர் அலியும் துருக்கிப் பிரதமர் இஸ்மத் பாஷாவுக்குக் கடிதம் எழுதினார்கள். உலக சுன்னி முஸ்லிம்களின் உணர்வை மதித்து கலீஃபாவின் தகுதியைக் காக்க வேண்டும் என்பது கோரிக்கை. பிரதமர் கைக்குப் போய்ச் சேரும் முன்பே அது இஸ்தான்புல் பத்திரிகைகளில் அச்சாகிவிட்டது. அங்காரா கொதித்தது. எழுதிய இருவருமே ஷியாக்கள், இருவருமே பிரிட்டனுக்கு நெருக்கமானவர்கள். கிலாபத் இருக்கும்வரை அதன் வழியாக வெளியார் துருக்கியின் உள்விவகாரத்தில் கை நுழைப்பார்கள் என்று கெமால் தரப்பு சொல்ல இதைவிட நல்ல சாக்கு வேறென்ன வேண்டும்? கடிதத்தை வெளியிட்ட ஆசிரியர்கள் விசாரணைக்கு இழுக்கப்பட்டார்கள். மூன்றே மாதத்தில் கிலாபத் போனது. காப்பாற்ற எழுதிய கடிதம் முடிவை விரைவுபடுத்தியது என்றுதான் சொல்ல வேண்டும். இந்திய முஸ்லிம்கள் அனுப்பிய பணத்தின் ஒரு பகுதி, 1924-ல் தொடங்கிய துருக்கியின் இஷ் வங்கிக்கு முதலீடானது. கலீஃபாவுக்காகச் சேர்த்த காசு, கலீஃபா இல்லாத குடியரசின் பொருளாதாரத்துக்கு அடித்தளமிட்டது.

கிலாபத் போன அதே மார்ச் 3 அன்றுதான் சமய விவகாரத் துறை உருவானது. அத்தாதுர்க்கின் அரசு மதத்தைத் தன்னிடமிருந்து பிரித்து வைக்கவில்லை, தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. இமாம்களுக்குச் சம்பளம் அரசு கொடுத்தது, என்ன பேச வேண்டும் என்பதையும் அரசே தீர்மானித்தது. 2020-ல் வாளோடு மிம்பரில் ஏறியவர் அந்தத் துறையின் தலைவர்தான். கருவியை உருவாக்கியவர்கள் ஒரு தரப்பு, பிடி இப்போது இன்னொரு தரப்பிடம்.

அப்புறம் சீர்திருத்தங்கள் வரிசையாக வந்தன. 1925-ல் தொப்பிச் சட்டம், 1926-ல் சுவிஸ் மாதிரியிலான குடியியல் சட்டம், 1928-ல் லத்தீன் எழுத்து, 1932 முதல் தொழுகை அழைப்பான பாங்கையும் துருக்கி மொழியில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு, 1935-ல் வார விடுமுறை வெள்ளியிலிருந்து ஞாயிறுக்கு மாற்றம். இவற்றில் பலவற்றுக்கு வெளியுறவுக் காரணமும் உண்டு. உதுமானியர் காலத்தில் ஐரோப்பியர்கள் துருக்கியின் நீதிமன்றங்களை நம்பமாட்டோம் என்று சொல்லித் தங்களுக்குத் தனிச் சட்ட உரிமைகளை வைத்திருந்தார்கள். லோசானில் அவை ஒழிக்கப்பட்டன. ஐரோப்பியச் சட்டத்தையே கொண்டுவந்துவிட்டால் அந்த வாதம் திரும்ப எழாது. மேற்கைப் போல ஆவது மேற்கிடமிருந்து தப்பிக்கும் வழி. கெமாலியத்தின் உள்முரண் இதுதான், அதன் பலமும் இதுதான்.

கொரியாவில் கொடுத்த விலை

இரண்டாம் உலகப் போரில் துருக்கி கடைசிவரை ஒதுங்கியிருந்தது, 1945 பிப்ரவரியில்தான் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. போர் முடிந்ததும் ஸ்டாலின் நீரிணைகளில் ராணுவத் தளமும் கிழக்கில் கார்ஸ், அர்தஹான் பகுதிகளும் கேட்டார். செவ்ர் அச்சம் திரும்பவும் உயிர்பெற்றது. 1946 ஏப்ரலில் அமெரிக்கப் போர்க்கப்பல் மிசௌரி இஸ்தான்புல் வந்து நங்கூரமிட்டது. 1944-லேயே வாஷிங்டனில் இறந்துபோன துருக்கித் தூதர் முனீர் எர்தெகுனின் உடலைக் கொண்டுவருவதாகக் காரணம். ஜப்பான் சரணடைந்ததும் அதே கப்பலின் மேல்தளத்தில்தான். யாருக்கான சேதி என்பது மாஸ்கோவுக்குப் புரிந்தது. துருக்கி அந்தக் கப்பலுக்காகத் தபால்தலையே வெளியிட்டது.

நேட்டோவில் சேர வேண்டும் என்று துருக்கி கேட்டபோது உடனே கதவு திறக்கவில்லை. அட்லாண்டிக் கரையில் இல்லாத, கிறித்தவ நாடும் அல்லாத ஒன்றை எப்படிச் சேர்ப்பது என்ற தயக்கம் இருந்தது. 1950-ல் பிரதமர் மெண்டரஸின் அரசு கொரியப் போருக்கு ஒரு படைப்பிரிவை அனுப்பியது. குனுரியில் சீனப் படைகளிடம் அந்தப் பிரிவு பெரும் இழப்பைச் சந்தித்தது. போர் முடிவதற்குள் 700-க்கும் மேற்பட்ட துருக்கி வீரர்கள் உயிரிழந்தார்கள். 1952 பிப்ரவரியில் துருக்கி நேட்டோ உறுப்பினரானது. பாங்கை மறுபடி அரபியில் சொல்ல அனுமதித்ததும், துருக்கியை மேற்கின் ராணுவக் கூட்டணியில் சேர்த்ததும் இதே மெண்டரஸ்தான். சமய உணர்வுக்கு இடம் கொடுத்தவர் மேற்கிலிருந்து விலகியிருப்பார் என்ற எளிய கணக்கு அன்றைக்கே பொய்த்துவிட்டது.

மேற்கோடு இருந்த உறவில் முதல் பெரிய விரிசல், கிரேக்கர்களும் துருக்கியர்களும் வாழும் சைப்ரஸ் தீவு. 1964 ஜூனில் அமெரிக்க அதிபர் ஜான்சன், துருக்கி சைப்ரஸில் தலையிட்டு அதனால் சோவியத் தாக்கினால் நேட்டோ உதவிக்கு வரும் என்று நம்ப வேண்டாம் என்ற தொனியில் கடிதம் எழுதினார். துருக்கியர்கள் அந்த அவமானத்தை மறக்கவே இல்லை. 1974 ஜூலை 20 அன்று சைப்ரஸில் படை இறங்கியபோது பிரதமர் பூலெந்த் எஜெவித், மதச்சார்பற்ற இடதுசாரி. அவருடைய கூட்டணித் துணைப் பிரதமர் நெஜ்மத்தின் எர்பகான், துருக்கி இஸ்லாமிய அரசியலின் தந்தை. வீட்டுக்குள் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் அந்த ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றார்கள்.

பதிலுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஆயுதத் தடை விதித்தது. 1975 முதல் 1978 வரை அது நீடித்தது. தடை வந்த அதே 1975-ல் ராணுவ மின்னணுக் கருவிகளுக்காக அசெல்சான் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று உலகம் பேசும் பைரக்தர் ட்ரோன்களின் கதையை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். பிற்காலத்தில் ஆயுதம் தாங்கிய ட்ரோன்களை அமெரிக்கா விற்க மறுத்ததும் அதே பாடத்தைத் திரும்பச் சொன்னது. எர்துவானின் மருமகன் செல்ச்சுக் பைரக்தரின் தொழில்நுட்பத்தை இஸ்லாமிய எழுச்சியின் அடையாளமாக ஆளுங்கட்சி மேடைகளில் கொண்டாடுகிறார்கள். அதன் வேர் 1970-களின் ஆயுதத் தடையில் இருக்கிறது.

ஐரோப்பாவை யார் பயன்படுத்தினார்கள்?

1996-ல் எர்பகான் பிரதமரானார். முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்பு, எட்டு முஸ்லிம் நாடுகள் கொண்ட டி-8 குழு என்று பெரிய கனவுகள். ராணுவமோ அதற்கு முன்பே இஸ்ரேலோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. எர்பகானின் காலத்திலும் அந்த ஒத்துழைப்பு நிற்கவில்லை. 1997 பிப்ரவரி 28 அன்று தேசியப் பாதுகாப்பு மன்றத்தில் தளபதிகள் கோரிக்கைப் பட்டியல் ஒன்றை நீட்டினார்கள். சில மாதங்களில் அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. அவருடைய கட்சி தடைசெய்யப்பட்டது. இஸ்தான்புல் மேயராக இருந்த எர்துவான், ஒரு கூட்டத்தில் கவிதை வாசித்ததற்காக 1999-ல் சிறைக்குப் போனார்.

அந்தச் சிறைவாசத்துக்குப் பிறகு எர்துவானும் நண்பர்களும் எடுத்த முடிவுதான் நவீனத் துருக்கி வரலாற்றின் திருப்பம் என்று நினைக்கிறேன். ராணுவத்தை நேருக்கு நேர் எதிர்த்தால் எர்பகானின் கதிதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டும் என்றால் ராணுவம் அரசியலிலிருந்து ஒதுங்க வேண்டும், கட்சித் தடைகள் குறைய வேண்டும், பேச்சுரிமை வேண்டும். மேற்கத்தியமயமாவது அத்தாதுர்க்கின் இலக்கு என்று தளபதிகளே காலங்காலமாகச் சொல்லிவந்தவர்கள், ஐரோப்பிய ஒன்றியத் தலைமையகமான பிரசெல்ஸ் கேட்கும் சீர்திருத்தத்தை அவர்கள் எப்படி எதிர்ப்பார்கள்? 2002 நவம்பர் தேர்தலில் 34 சதவீத வாக்கில் 550 இடங்களில் 363-ஐப் பிடித்த அவர்களுடைய கட்சியான ஏகேபி, சட்டத் திருத்தங்களை அடுக்கடுக்காக நிறைவேற்றியது. 2004-ல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் செயலாளராக முதன்முறையாக ராணுவத்தைச் சேராத ஒருவர் உட்கார்ந்தார். மரண தண்டனை முழுமையாக ஒழிக்கப்பட்டது. 2005 அக்டோபர் 3 அன்று இணைப்புப் பேச்சுவார்த்தை தொடங்கியது.

எல்லாமே தந்திரம்தான், ஐரோப்பா மீது அவர்களுக்கு உண்மையான ஈடுபாடே கிடையாது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அந்த ஆண்டுகளில் அனத்தோலியச் சிறுநகரங்களின் பக்தியுள்ள தொழிலதிபர்கள், கய்சேரியின் சோபா தயாரிப்பாளர்களும் காசியான்தெப்பின் ஜவுளிக்காரர்களும், 1996 சுங்க ஒன்றியத்தால் ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பி வளர்ந்தவர்கள். ஐந்து வேளைத் தொழுகையும் ஜெர்மனிக்கு ஏற்றுமதியும் அவர்களுக்கு முரணாகப் படவில்லை. ஏகேபியின் முதுகெலும்பு அவர்கள்தான்.

ஐரோப்பாவும் தன் பங்குக்குக் கெடுத்துக்கொண்டது. சைப்ரஸை இணைக்க 2004 ஏப்ரலில் ஐ.நா. முன்வைத்த திட்டத்துக்குத் துருக்கிய சைப்ரஸ் மக்கள் 65 சதவீதம் ஆதரவு தந்தார்கள், கிரேக்க சைப்ரஸ் மக்கள் 76 சதவீதம் நிராகரித்தார்கள். ஒரு வாரத்தில் நிராகரித்த தரப்பு ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினரானது. ஒப்புக்கொண்ட தரப்பு வெளியே நின்றது. துருக்கி ஒருநாளும் உறுப்பினராக முடியாது என்று பிரான்ஸின் சார்கோசி வெளிப்படையாகப் பேசினார், ஜெர்மனியின் மெர்கல் அதற்குக் கீழான ஏதோ ஒரு கூட்டுறவைக் காட்டினார். பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் பெண்களின் முக்காட்டுக்கு இருந்த தடை செல்லும் என்று 2005 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்ததல்ல, ஆனால் தலையை மூடியதால் படிப்பை விட்ட பெண்களின் வீடுகளில் அந்த வித்தியாசம் எடுபடவில்லை. ஐரோப்பாவின் சுதந்திரம் நமக்குக் கிடையாது என்பதுதான் அங்கே போய்ச் சேர்ந்தது. இணைப்புப் பேச்சுவார்த்தையின் 35 அத்தியாயங்களில் 16 திறக்கப்பட்டன, ஒன்றே ஒன்று தற்காலிகமாக முடிந்தது. 2010 வாக்கில் ராணுவத்தின் அரசியல் முதுகு ஒடிந்திருந்தது, எர்துவானுக்கும் ஐரோப்பாவின் தேவை குறைந்திருந்தது.

மேடைப் பேச்சும் கப்பல் சரக்கும்

2009-ல் வெளியுறவு அமைச்சரான அகமது தாவூதோலு "அண்டை நாடுகளோடு பிரச்சினையே இல்லாத நிலை" என்ற கொள்கையைப் பிரபலப்படுத்தினார். சிரியாவோடு விசா நீக்கப்பட்டது, இரு நாட்டு அமைச்சரவைகள் சேர்ந்து கூட்டம் போட்டன. அதற்கு முந்தைய ஆண்டுதான் அன்றைய சிரிய அதிபர் அசாத்தின் குடும்பம் துருக்கியின் போத்ரும் கடற்கரைக்கு விடுமுறைக்கு வந்திருந்தது. 2011-ல் சிரியக் கிளர்ச்சி வெடித்ததும் எல்லாம் தலைகீழானது. கெய்ரோவிலும் துனிசிலும் தங்களைப் போன்ற கட்சிகள் ஆட்சிக்கு வருவதைப் பார்த்த அங்காரா, வரலாறு தன் பக்கம் வருகிறது என்று நம்பியது. 2013-ல் எகிப்து அதிபர் மோர்சி கவிழ்க்கப்பட்டதோடு அந்த நம்பிக்கை நொறுங்கியது. அடையாளம் கொள்கையை உண்மையிலேயே வழிநடத்திய காலம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இந்த மூன்று ஆண்டுகளைத்தான் சொல்வேன். அதற்கான விலையும் பெரிது. உச்சத்தில் 36 லட்சத்துக்கும் அதிகமான சிரிய அகதிகள். நபிகள் காலத்தில் மக்காவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்சாரிகள் ஏற்றுக்கொண்டதைப் போல நாம் ஏற்போம் என்று அரசு பேசியது. வாடகையும் விலைவாசியும் ஏற ஏற அந்தப் பேச்சு எடுபடாமல் போனது. 2023 அதிபர் தேர்தலில், அத்தாதுர்க்கின் கட்சி வேட்பாளர் கிலிச்தரோலு, சிரியர்களைத் திருப்பி அனுப்புவோம் என்று சுவரொட்டி ஒட்டினார்.

இஸ்ரேல் விஷயத்தில் பேச்சுக்கும் நடப்புக்கும் இருந்த இடைவெளியையும் கவனிக்க வேண்டும். 1949-ல் இஸ்ரேலை அங்கீகரித்த முதல் முஸ்லிம் பெரும்பான்மை நாடு துருக்கி. 2009 ஜனவரி 29 அன்று தாவோஸில், காசா தாக்குதல் பற்றி இஸ்ரேல் அதிபர் ஷிமோன் பெரஸோடு மோதி, நடுவர் பேச்சை முடிக்கப் பார்த்தபோது "ஒன் மினிட்" என்று குறுக்கிட்டு, மேடையை விட்டு வெளியேறினார் எர்துவான். அன்றிரவு இஸ்தான்புல் விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் வரவேற்றார்கள். அடுத்த ஆண்டு காசாவுக்கு உதவிப்பொருள் கொண்டுபோன மாவி மர்மரா கப்பலில் இஸ்ரேலிய கமாண்டோக்கள் ஏறியதில் துருக்கியர்கள் உயிரிழந்தார்கள், துருக்கி தன் தூதரைத் திருப்பி அழைத்தது. இத்தனைக்கும் நடுவே இரு நாட்டு வணிகம் வளர்ந்துகொண்டே போனது. 2023 அக்டோபருக்குப் பிறகும் கப்பல்கள் ஓடின. 2024 மார்ச் உள்ளாட்சித் தேர்தலில், இந்த வணிகத்தைக் கேள்வி கேட்ட ஒரு சிறிய இஸ்லாமியக் கட்சி ஆளுங்கட்சியின் வாக்கைக் கடித்தது. மே மாதம் வணிகம் முழுவதும் நிறுத்தப்பட்டது. எதிர்க்கட்சியோ மேற்கோ சொல்லி வராத மாற்றம், தன் சொந்த வாக்காளர்கள் கேட்டபோது வந்தது.

2016 ஜூலை 15 ராணுவக் கவிழ்ப்பு முயற்சியில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மேற்குத் தலைவர்கள் வாய் திறக்கத் தயங்கியதாகத் துருக்கியர்கள் நினைத்தார்கள். சிரியாவில் ஐ.எஸ்.ஸுக்கு எதிராக துருக்கி தன் எதிரியாகப் பார்த்த குர்துப் படைக்கு அமெரிக்கா ஆயுதம் கொடுத்தது இன்னும் பெரிய காயம். 2019-ல் ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பு அங்காராவில் வந்திறங்கியது, எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து துருக்கி வெளியேற்றப்பட்டது. "துருக்கி மேற்கை விட்டுப் போய்விட்டது" என்று மறுபடி எழுதினார்கள்.

2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும், நீரிணைகளின் கட்டுப்பாட்டைத் துருக்கிக்குத் தந்த 1936 மான்ட்ரோ உடன்படிக்கையைக் கையில் எடுத்து, போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு நீரிணைகளை மூடியது துருக்கி. உக்ரைனுக்கு ட்ரோன் விற்றது, ரஷ்யா மீதான தடைகளில் சேரவில்லை, ரஷ்யா கட்டும் அக்குயு அணுமின் நிலையப் பணி தொடர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் இஸ்தான்புல்லில் கையெழுத்தான தானிய ஒப்பந்தத்தால் ஓராண்டில் சுமார் 3.3 கோடி டன் தானியம் கருங்கடலைத் தாண்டியது. சுவீடன் நேட்டோவில் சேருவதை, குர்து இயக்கத்தாருக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று துருக்கி தடுத்தது. ஸ்டாக்ஹோமில் குர்ஆன் எரிக்கப்பட்டபோது கோபம் கொதித்தது. 2024 ஜனவரியில் துருக்கி நாடாளுமன்றம் சுவீடனுக்குச் சம்மதம் தந்தது. சில நாட்களிலேயே துருக்கிக்கு எஃப்-16 போர் விமான விற்பனைக்கு வாஷிங்டன் பச்சைக்கொடி காட்டியது. கோபம் பொய் என்று சொல்லமாட்டேன், அதற்கு ஒரு விலையும் இருந்தது என்பதுதான் விஷயம்.

இஸ்லாமிய அடையாளத்தோடு துருக்கிய இன அடையாளமும் இப்போது கலந்து வருகிறது. 2021-ல் பெயர் மாறிய துருக்கிய நாடுகள் அமைப்பு, ஆர்மீனியாவுக்கு எதிரான 2020 கராபாக் போரில் அஜர்பைஜானுக்குக் கிடைத்த ட்ரோன்கள் எல்லாம் அந்த வரிசை. அஜர்பைஜானில் ஷியாக்கள்தான் பெரும்பான்மை, ஆனாலும் அங்காராவுக்கு அது உறுத்தவில்லை. சீனாவில் வாழும் உய்குர்கள் துருக்கிய இனத்தவர், முஸ்லிம்கள். 2009-ல் அவர்களுக்காக "இனப்படுகொலை போன்றது" என்று பேசிய எர்துவான், சீனாவோடு பொருளாதார உறவு நெருங்க நெருங்கக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

இந்தியாவிலிருந்து பார்க்கும்போது காஷ்மீர்தான் முன்னால் வரும். 2019-ல் ஐ.நா.வில் எர்துவான் காஷ்மீரைப் பற்றிப் பேசினார். 2025 மே மாத மோதலில் பாகிஸ்தான் துருக்கி ட்ரோன்களைப் பயன்படுத்தியதாக இந்தியா சொன்னது. சென்னை உட்பட ஒன்பது விமான நிலையங்களில் தரைப்பணி பார்த்துவந்த துருக்கியின் செலபி நிறுவனத்தின் பாதுகாப்பு அனுமதி ரத்தானது. இத்தனைக்கும் 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தின்போது இந்திய மீட்புப் படையினர் துருக்கிக்கு ஓடிப்போய் உதவியிருந்தார்கள். இதை இஸ்லாமியச் சகோதரத்துவம் என்று மட்டும் படிப்பது அவசரம். 1955 பாக்தாத் ஒப்பந்தத்திலேயே துருக்கியும் பாகிஸ்தானும் ஒரே அணி. சைப்ரஸ் விவகாரத்தில் பாகிஸ்தான் துருக்கிக்குத் துணை நின்றது. கெமாலிய ஆட்சிகளும் இஸ்லாமாபாத்தைத்தான் ஆதரித்தன. நாளை வேறொரு கட்சி அங்காராவில் ஆட்சிக்கு வந்தாலும் டெல்லிக்கு இதில் பெரிய மாற்றம் இருக்காது.

மாறக்கூடியது வேறு ஒன்று. 2025 மார்ச் 19 அன்று, எர்துவானுக்கு எதிரான வலுவான வேட்பாளராகப் பார்க்கப்பட்ட இஸ்தான்புல் மேயர் எக்ரெம் இமாமோலு கைது செய்யப்பட்டார். லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். கால் நூற்றாண்டுக்கு முன்பு சிறைக்குப் போன இன்னொரு இஸ்தான்புல் மேயருக்கு அரசியலுக்குத் திரும்ப ஐரோப்பிய ஒன்றிய வாசல் உதவியது. இமாமோலுவுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. ஐரோப்பாவுக்கு இப்போது அகதிகளைத் தடுத்து நிறுத்தவும், ரஷ்யாவுக்கு எதிராக ஆயுதம் தயாரிக்கவும் துருக்கி வேண்டும். கைதைக் கண்டித்து அறிக்கைகள் வந்தன, அதற்கு மேல் எதுவும் நகரவில்லை. இணைப்புப் பேச்சுவார்த்தை முறைப்படி இன்னும் முடிக்கப்படவில்லை, ஆனால் நடக்கவும் இல்லை. அதை முடித்துவைக்க எர்துவானும் அவசரப்படவில்லை, பிரசெல்ஸும் அவசரப்படவில்லை.